படகுக்காரன் அழைப்பு

ஷாஹிந்தா அப்பாவின் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது நடுப்பகல். லுஹர் தொழுகை முடிந்து, நைல் கரை ரஷீத் ஊரே சாப்பிட உட்கார்ந்திருந்தது. எதிர்க்கடை மித்வல்லி உப்புமீன் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "வாம்மா, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

"உங்க கை நல்லாயிருக்கட்டும் மாமா. வயிறு நிறைஞ்சிருக்கு."

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அவர் கையிலிருந்த ரொட்டி அவருக்கே போதாது, அது அவளுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்குப் படகுக்காரன் அழைப்பு என்று பெயர். நைல் நடுவே படகில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கரையில் போகிறவனைப் பார்த்து, வாங்க வாங்க என்று தொண்டை கிழியக் கத்துவான். கரையிலிருப்பவன் தண்ணீர் மேல் நடந்தா வரப்போகிறான்? கூப்பிட்ட பெருமை இவனுக்கு, மறுத்த மரியாதை அவனுக்கு. இருவர் வயிறும் அப்படியே இருக்கும்.

நிஜமாகக் கூப்பிடுவதற்கு வேறு முறை. விருந்தாளி இரண்டு தரம் வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் விடக்கூடாது. மூன்றாம் தரம் இறைவன் மேல் ஆணை வைத்து, வந்தே ஆகணும் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. வந்துதான் ஆகணும்.

பேய் வீடு என்று அவசரப்பட்டு நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல வீடு. செங்கல் சுவர், மரச் சல்லடை ஜன்னல்கள், மூன்று மாடி, மேலே நின்றால் ஆறு தெரியும். அப்பா போனபிறகு பூட்டிக் கிடந்தது. புருஷன் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டு ஷாஹிந்தாவைத் தள்ளி வைத்ததும், அக்கா நெர்மீன் அந்த வீட்டை விற்றுவிட்டு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். ஷாஹிந்தா மாட்டேன் என்றாள். பேச்சு முற்றி, உனக்கு என்னைவிடச் சுவர் பெரிசாப் போச்சா என்று அக்கா கேட்க, ஆமாம் என்று தங்கை சொல்ல, அக்கா சத்தியம் போட்டாள்.

"நீயா வாயைத் திறந்து 'உள்ள வா'ன்னு கூப்பிடற வரைக்கும் அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்டி. இது சத்தியம்."

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றுக்கு ஒன்று வீம்பில் சளைத்ததில்லை. தொலைபேசியில் தினமும் பேசிக்கொள்வார்கள், திட்டிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஷாஹிந்தா சொல்லவில்லை.

தனியாக இருந்தவள் ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் வலைப்பூ வைத்திருந்தார்கள். சிலர் அரசாங்கத்தைத் திட்டினார்கள், சிலர் மாமியாரைத் திட்டினார்கள். ஷாஹிந்தா வீட்டைப் பற்றி எழுதினாள். ஒவ்வொரு அறையாகத் திறந்து, தூசி தட்டி, படம் எடுத்துப் போட்டாள். அழகாகத்தான் எழுதினாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"எத்தனை பின்னூட்டம்டி வந்துது?" என்று நெர்மீன் கேட்டாள்.

"முடி வளர்ற தைலம் விக்கிறவன் ஒருத்தன் வந்தான்."

"அவனுக்காவது டீ குடுத்தியா?"

"அக்கா, கிண்டல் பண்ணாத. எனக்கு அழுகையா வருது."

நெர்மீனுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிள்ளைகளின் அம்மாக்களைக் கூட்டி வைத்து விழா, சந்தா, சுற்றுலா என்று எதையாவது நடத்திக்கொண்டே இருப்பாள். ஆள் சேர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

"நீ வானொலி மாதிரி பேசிக்கிட்டே போற. எதிர்ல உட்கார்ந்தவன் வாயைத் திறக்க ஒரு சந்து விட வேணாமா? கடைசியில ஒரு கேள்வி கேளு. வந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடு. 'இந்தக் கதவுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், நீங்களே சொல்லுங்க'ன்னு ஒரு வேலையைக் குடு. ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லு. அப்புறம் பாரு, அது அவங்க வீடாயிடும். துரத்தினாலும் போகமாட்டாங்க."

ஷாஹிந்தா அன்றைக்கே நடு அறையைப் பற்றி ஒரு பதிவு எழுதினாள். பச்சைச் சுவர் உரிந்து கிடக்கிறது, மறுபடி பச்சையே அடிக்கவா, நண்பர்களே, உங்கள் யோசனை என்ன என்று கேட்டு முடித்தாள். டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு பின்னூட்டம்.

"நன்றாக எழுதுகிறீர்கள், கை நோகாதிருக்கட்டும். அந்தச் சுவர் முதலில் பச்சை இல்லை. வான நீலம். – வஹீபா."

அவள் கரண்டியால் சுவரைச் சுரண்டிப் பார்த்தாள். பச்சைக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே நீலம்.

பயந்தாள் என்று நினைக்கிறீர்களா? குதித்தாள்! பழைய காலத்து அக்கம்பக்கத்துப் பெண்மணி யாரோ, ஊரைவிட்டுப் போனவர், வாசிக்கிறார். இதைவிட ஒரு வலைப்பூக்காரிக்கு என்ன வேண்டும்? உடனே பதில் எழுதினாள். வஹீபாம்மா, வீட்டுக்கு வாங்க, சேர்ந்து டீ குடிக்கலாம்.

"உங்கள் வீடு என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர் வந்தார்கள். ஸாபிர் என்று ஒருவர், பஹீஜா என்று ஒருத்தி. எல்லாரும் பழைய காலத்து மரியாதையோடு எழுதினார்கள். எந்தப் படியில் கால் வழுக்கும், எந்த ஜன்னலில் காற்று நன்றாக வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இவள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து நன்றி சொன்னாள். மறுபடியும், எல்லாரும் வாங்களேன் என்று எழுதினாள்.

"உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று வஹீபா மறுத்தாள்.

அன்று மாலை கடல் பக்கமிருந்து புயல். மரச் சல்லடைகள் கடகடவென்று ஆடின. மூன்று மாடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து காற்றைக் கேட்பது கொடுமை. அக்காவை நினைத்துக்கொண்டாள். தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். சொந்த அக்காவை ஒரு தரம் வா என்று கூப்பிட மனசு வராதவள், முகம் தெரியாதவர்களுக்காக எழுதினாள்:

"வஹீபாம்மா, நீங்களும் உங்களைச் சேர்ந்த எல்லாரும் வந்தே ஆகணும். இறைவன் மேல் ஆணை. இது உங்க வீடு."

படகுக்காரன் அழைப்புதான். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கே வரப்போகிறார்கள்!

பதில் உடனே வந்தது.

"ஆணை வைத்துவிட்டீர்கள். இனி மறுக்க முடியாது. வருகிறோம்."

கீழே கதவு தட்டப்படும் என்று அவள் காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு வாசனை வந்தது. வெள்ளம் வடிந்த கரையில் வருமே, அந்தச் சேற்று வாசனை. நனைந்த கம்பளித் துணியின் வாசனை. புயல்தான் ஆற்றைக் கலக்கிவிட்டது என்று நினைத்து ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள். வாசனை போகவில்லை, கூடியது.

மறுநாள் காலையில் கூடத்துக்குப் போனாள். சுவரோரமாக வரிசையாக நீள இருக்கைகள். அப்பா காலத்து மெத்தைகள். நேற்றுத்தான் தட்டிப் போட்டு நிமிர்த்தி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு மெத்தையும் நடுவில் அமுங்கியிருந்தது.

கை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஈரம்.

கூரை ஒழுகியிருக்கும் என்றாள் தனக்குள். மனுஷ புத்தி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது பாருங்கள், தன்னையே ஏமாற்றிக்கொள்ள அதற்கு ஒரு கூரை போதும். மெத்தைகளைத் திருப்பிப் போட்டுவிட்டு ரொட்டி வாங்கக் கீழே இறங்கினாள். மித்வல்லி கேட்டார்: "என்னம்மா, வீட்டுல விசேஷமா? சொல்லவே இல்லையே. காலையிலேர்ந்து பேச்சுச் சத்தம் கேக்குதே."

"வானொலி மாமா" என்றாள். அவள் வீட்டில் வானொலி கிடையாது.

மேலே வந்து நேராகக் கணினி முன் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒரு நடுக்கம். அதை விரட்ட வேண்டும். எல்லாரும் வெளியூர்க்காரர்கள், நிஜ மனுஷர்கள் என்று நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும். எழுதினாள்: "நண்பர்களே, நாம் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். ஒருவரையொருவர் தெரிந்துகொள்வோம். நீங்கள் எங்கிருந்து இதை வாசிக்கிறீர்கள்? சொல்லுங்கள். ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

கெய்ரோ, அஸ்வான், குவைத் என்று ஏதாவது வரும். வந்துவிட்டால் சிரித்துவிட்டுப் போய்ச் சமைக்கலாம்.

ஸாபிர் எழுதினார்: "மாடிப்படியில் இருந்து."

பஹீஜா எழுதினாள்: "கீழே தண்ணீர்த் தொட்டியில் இருந்து. என் தங்கையையும் கூட்டி வந்திருக்கிறேன்."

புதிய பெயர் ஒன்று: "கூடத்தில், இரண்டாவது மெத்தை. ஏன் அதைத் திருப்பிப் போட்டீர்கள்?"



கடைசியாக வஹீபா.

"உங்கள் தோளுக்குப் பின்னால் இருந்து. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் மகளே. கண் சரியாகத் தெரியவில்லை."

அவள் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

கழுத்தின் பின்பக்கம் ஈரக் காற்று. சேற்று வாசனை. யாரோ குனிந்து வாசிக்கிறார்கள், வாசிக்கத் தெரியாதவர்கள் செய்வது போல ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுக்கிறார்கள்.

கையை மட்டும் நீட்டி, தொலைபேசியிலிருந்து கணினிக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள். முணுமுணுப்பு நின்றது. எழுந்து, சுவரைப் பார்த்தபடியே நடந்து, படியில் இறங்கினாள். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். செருப்புகூட வேண்டாம். ஒவ்வொரு படியிலும் யாரோ நகர்ந்து வழி விட்டார்கள். துணி உரசியது. ஒருவர் மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்.

கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது காதருகே ஒரு குரல், வயதான பெண் குரல், கோபமே இல்லாத குரல்.

"விருந்தாளிங்களை விட்டுட்டு எங்கேம்மா கிளம்பிட்டே?"

"அக்கா வீட்டுக்கு…" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"அவ்வளவுதானே? இரு, நாங்களும் வர்றோம். உன்னைத் தனியா அனுப்பற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

தாழ்ப்பாளிலிருந்து அவள் கை தானாக நழுவியது. போனால் கூடவே வரும். எங்கே போனாலும் வரும். அக்கா வீட்டுச் சமையலறை, அக்கா தூங்கும் கட்டில், அங்கேயும் இந்த வாசனை! மாட்டேன், செத்தாலும் மாட்டேன் என்று நினைத்தாள். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது நெர்மீன் ஒருத்திதான்.

"எல்லாரும் ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டோம்" என்றது குரல். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம். நீதான் இன்னும் யாரையும் கூட்டிட்டு வரலை."

படியெல்லாம் ஆமோதிக்கிற முனகல்.

அப்போதுதான் வெளியே கதவு தட்டப்பட்டது.

"ஷாஹி! ஏ ஷாஹி! திறடி, மழையில ஊறிப்போயிட்டேன்."

நெர்மீன்.

வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஷாஹிந்தா கதவை ஒரு கை அகலம் திறந்தாள். அக்கா தலைத்துணியெல்லாம் நனைந்து, கையில் ஒரு பெரிய கூடையோடு நின்றாள். அரிசி அடைத்து வறுத்த புறாவின் மணம். சின்ன வயசில் காய்ச்சலில் படுத்தால் அக்கா அதைத்தான் செய்து ஊட்டுவாள்.

"பாரு, வந்துட்டேன். நேத்து புயல் அடிச்சுது, நீ தனியா இருப்பேன்னு எனக்குத் தூக்கமே வரலை. ஆனா சத்தியம் சத்தியம்தான். படிக்கு வெளியேதான் நிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லு, உள்ள வர்றேன். உன் வீம்பும் வேணாம், என் வீம்பும் வேணாம்." சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சொல்லுடி கழுதை."

இந்த ஒரு நாளுக்காக ஷாஹிந்தா எவ்வளவு ஏங்கியிருப்பாள்!

முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு.

"கூப்பிடும்மா."

"பாவம், நனையறாங்க."

"கூப்பிடு."

ஈரமான விரல்கள் அவள் முழங்கையைத் தொட்டன, தாய் மகளை முன்னால் தள்ளுவது போல மெல்ல.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கறே? உடம்பு சரியில்லையா?" நெர்மீன் ஒரு அடி முன்னால் வைத்தாள். கால் வாசப்படிக்கு மேலே வந்தது.

"வராத!" என்று ஷாஹிந்தா கத்தினாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது. நெர்மீனின் கால் அந்தரத்தில் நின்று, பின்னால் போனது.

"யாரு உன்னைக் கூப்பிட்டா? எனக்கு உன்னைப் பார்க்கவே பிடிக்கலை. உன் சோறும் வேணாம், நீயும் வேணாம். போ!"

எங்கள் ஊரில் வாசலில் நிற்கிற விரோதிக்குக்கூட ஒரு தம்ளர் தண்ணீர் உண்டு. கூடப் பிறந்தவளை மழையில் நிறுத்தி ஒருத்தி இப்படிப் பேசினாள் என்றால் அதற்கு மன்னிப்பே கிடையாது. நெர்மீனின் முகம் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாத குழந்தை முகம் போல ஆனது. அப்புறம் இறுகியது.

"இந்தப் புறாவைத் தெரு நாய்க்குப் போட்டாலும் போடுவேன், உனக்குத் தரமாட்டேன். இனிமே எனக்குத் தங்கச்சி கிடையாது."

ஷாஹிந்தா கதவை அறைந்து சாத்தி, அதன் மேல் முதுகைக் கொடுத்து அப்படியே சரிந்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். அக்கா போய்விட்டாள். அக்கா பிழைத்தாள்.

அழுகை ஓய்ந்தபோது ஒன்று உறைத்தது.

சத்தமே இல்லை.

மூக்கை உறிஞ்சினாள். சேற்று வாசனை போயிருந்தது. பழைய மரத்தின் வாசனையும் தூசி வாசனையும்தான் இருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். படியில் யாரும் நகரவில்லை. கூடத்தில் மெத்தைகள் உப்பி நிமிர்ந்திருந்தன. கை வைத்தால் காய்ந்திருந்தது. வெறும் வீடு. நல்ல வீடு.

அவளுக்குப் புரிந்தது. மரியாதை தெரிந்த விருந்தாளிகள். ஒரு விருந்தாளியை வாசலில் வைத்து அவமானப்படுத்துகிற வீட்டில் எந்த மரியாதைப்பட்டவரும் ஒரு நொடி தங்கமாட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடுவார். அப்படியே எழுந்து போய்விட்டார்கள். அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழ வேண்டும். கன்னத்தில் அறைவாள், அறையட்டும். எல்லாவற்றையும் சொல்லி, மடியில் தலை வைத்துத் தூங்க வேண்டும்.

முகத்தைக் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு கீழே ஓடினாள். மித்வல்லி கடைப் பலகைகளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

"நீ செஞ்சது பெரிய தப்பும்மா. அப்பா இருந்தா உன்னைத் தலை முழுகியிருப்பார்."

"தெரியும் மாமா. இப்பப் போய்ச் சமாதானம் பண்ணப் போறேன்."

"நல்ல வேளை, உன் வீட்டுல இருந்தவங்களுக்காவது மனசு இருந்துது. பின்னாடியே இறங்கி ஓடினாங்க. வயசான ஒரு அம்மா உங்க அக்கா கையிலேர்ந்து கூடையை வாங்கிக்கிட்டு, தோளைத் தடவிக் குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. அழாதேன்னு சொல்லிக்கிட்டே போனாங்க. எவ்வளவு பேர்ம்மா! உன் வீட்டுல அத்தனை பேருக்கு இடம் இருக்கா?"

ஷாஹிந்தா தெருவிலேயே நின்று கைபேசியில் அக்கா எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி அழுத்தினாள். கோபத்தில் அணைத்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். அலெக்ஸாண்ட்ரியா வண்டி போய்விட்டது என்றார்கள். அடுத்த வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் அழுத்திக்கொண்டே வந்தாள். பேரீச்சந்தோப்புகள் போயின, ஏரி போனது, மழையில் விளக்குகள் வந்தன. எடு அக்கா, எடு அக்கா. கதவைத் திறக்காத. யாரையும் உள்ள கூப்பிடாத. என்னைத் திட்டின வாயால அவங்களையும் திட்டி அனுப்பிடு.

நகரத்துக்குள் வண்டி நுழைந்தபோது நெர்மீன் எடுத்தாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"அக்கா! எங்க இருக்கே? வீட்டுக்குப் போயிட்டியா?"

"வந்து நேரமாச்சு. ஏன், இங்கேயும் வந்து துரத்தப் போறியா?"

"கூட வந்தவங்க எங்க? அக்கா, கூட வந்தவங்களை உள்ள விட்டியா? சொல்லு!"

"ஏன் கத்தறே? வண்டியில வழியெல்லாம் என் கையைப் பிடிச்சிக்கிட்டு வந்தாங்கடி அந்த வஹீபாம்மா. கை என்ன ஜில்லுன்னு இருக்கு, பாவம், மழையில நனைஞ்சதுல. வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு, நாங்க கிளம்பறோம்னாங்க. ரெண்டு தரம் வேணாம்னாங்க." நெர்மீனின் குரலில் பெருமை வந்திருந்தது. "நான் உன்னை மாதிரியா? வாசல் வரைக்கும் வந்தவங்களை அப்படியே அனுப்பிடுவேனா? இறைவன் மேல் ஆணை வச்சுக் கூப்பிட்டேன். எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

ஷாஹிந்தா ஓடுகிற வண்டியில் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டாள்.

"ரொம்ப மரியாதையான ஜனங்கடி. அவங்களுக்கு என் பள்ளிக்கூடத்து அம்மாக்களை எல்லாம் பார்க்கணுமாம். இன்னைக்கே கூப்பிடுன்னாங்க. எல்லாருக்கும் சொல்லிட்டேன், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு. இதோ, மணி அடிக்குது பாரு, வர ஆரம்பிச்சுட்டாங்க."

"அக்கா, திறக்காத! உன் காலைப் பிடிக்கறேன், திறக்காத!"

தொலைபேசி எங்கோ வைக்கப்பட்ட சத்தம். அக்காவின் செருப்பு தரையில் டக் டக்கென்று கதவை நோக்கிப் போனது. அதன் பின்னால் நிறைய வெறுங்கால்கள், ஈரத்தரையில் போவது போல, ஒன்றாகப் போயின.

கதவு திறந்தது.

"வாங்க, வாங்க!" என்றாள் நெர்மீன், முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும் குரலில். அதே வார்த்தையை அவளோடு சேர்ந்து ஒரு கூட்டமே சொன்னது.